என் முகத்துக்கு வேறு குரலாம்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் மருந்துக்கடையில் தொண்டைக்கு மாத்திரை கேட்டேன். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, "அக்கா, நீங்க அப்படியே அந்த நடிகை மாதிரியே பேசுறீங்க!" என்றார். பக்கத்தில் நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவளை மாதிரிப் பேசுகிறேனாம்! ஐயா, அவள்தான் ஒன்பது வருடமாக என்னை மாதிரிப் பேசிக்கொண்டிருக்கிறாள். திரையில் வாயை அசைப்பது அவள், சத்தம் என்னுடையது. அவள் சிரித்தால் அது என் சிரிப்பு. அவள் அழுதால் மூக்கை உறிஞ்சுவது நான். இதையெல்லாம் மாத்திரை வாங்கப் போன இடத்தில் நின்று விளக்க முடியுமா? "அப்படியா, சந்தோஷம்" என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை.

மத்தியானம் டப்பிங் இன்சார்ஜ் அழைத்தார். எந்த நடிகைக்கு யார் குரல் என்று ஆள் பிடித்துக் கொடுப்பது அவர் வேலை. இந்தமுறை குரலுக்கு இல்லையாம், நடிக்கவாம். அதே நடிகை நாயகியாக நடிக்கும் அடுத்த படம். இயக்குநர் என் புகைப்படத்தைப் பார்த்ததும் இவங்கதான் என்றாராம்.

என்ன வேஷம் என்றேன். அம்மா என்றார். யாருக்கு அம்மா?

அவளுக்குத்தான். அவளுக்கு இருபத்தொன்பது, எனக்கு நாற்பத்தொன்று. பன்னிரண்டு வயதில் பெற்றுப் போட்டேன் போலிருக்கிறது.

மார்ச் 5

சரி என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 6

ஏன் சரி என்றேன்? கோபத்தில் மறந்துவிடக் கூடாது என்று எழுதி வைக்கிறேன்.

இந்தக் குரல் இன்னும் எத்தனை வருடம் இருபத்தைந்து வயதாக இருக்கும்? ஒருநாள் தடிக்கும். அன்றைக்கு இன்சார்ஜ் இதே பணிவோடு வேறொருத்தியைக் கூப்பிடுவார். முகம் அப்படியில்லை. வயதாக ஆக அம்மா, டாக்டர், தலைமை ஆசிரியை என்று வேஷம் வந்துகொண்டே இருக்கும். ஆனால் இந்த முகத்தை யாருக்குத் தெரியும்? இதுவரை திரையில் வந்ததெல்லாம் நர்ஸ், வங்கி வரிசையில் நிற்பவள், பக்கத்து வீட்டுக்காரி. போன படத்தில் நான் வந்த நேரம் என் அக்கா குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாளாம். நிமிர்வதற்குள் நான் போயே போய்விட்டேன்.

என் முகமும் என் குரலும் சேர்ந்து, ஒரே ஆளாக, ஒரு படத்தில் வரவேண்டும். ஒரே ஒரு படம். அப்படி வந்துவிட்டால் மிச்ச காலத்துக்கு வண்டி ஓடிவிடும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். எதைக் கேட்டாலும் அங்கிருந்துதான் பதில் வரும். "சான்ஸ் வந்தா கியரப் போடு. நியூட்ரல்ல நின்னுக்கிட்டு உறுமாத" என்றார். மகள்தான் நம்பாமல் கேட்டாள்: "நெஜமாவே முழுசா தெரிவியாம்மா? முகம், கை, கால் எல்லாம்?"

மார்ச் 19, புதன்

மானம் போயிற்று.

சமையலறையில் அம்மாவும் மகளும் சண்டை போடும் காட்சி. அவள் பேசவேண்டும், நான் வாயை மூடிக்கொண்டு கேட்கவேண்டும். எளிய வேலை. கேமரா ஓடியது, அவள் பேசினாள். பாதியிலேயே இயக்குநர் "கட்!" என்று கத்தினார்.

"மேடம், உங்க உதடு அசையுது."

"இல்லியே சார்."

"அசையுது மேடம். அவங்க பேசுறத நீங்களும் பேசுறீங்க."

மானிட்டரில் போட்டுக் காட்டினார். ஐயோ. அவள் உதடு எப்படிப் போகிறதோ அப்படியே என் உதடும், ஒரு இழை பிசகாமல். ஒன்பது வருடமாக இருட்டு அறையில் நின்று அந்த வாயையே பார்த்துப் பேசியவளுக்கு, அது அசைந்தால் இது சும்மா இருக்குமா? அடுத்த டேக், அதற்கடுத்த டேக், எல்லாம் அதே கதை. லைட் பிடிப்பவர்கள் திரும்பி நின்று சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. "அக்கா, நீங்களே பேசிடுங்க, நான் போய் சாப்பிடுறேன்" என்றாள். எல்லாருக்கும் வேடிக்கை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வீட்டில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "பஸ்ல போகும்போதெல்லாம் என் வலது காலு பிரேக்க மிதிச்சுக்கிட்டேதான் வருது. நீ பாத்ததில்லையா?" என்றார்.

மார்ச் 20

நாக்கை மேலண்ணத்தில் அழுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். காட்சி முடிந்தது. அம்மா மகள் மீது கடுங்கோபமாக இருப்பதுபோல வந்திருக்கிறதாம். இயக்குநருக்கு ரொம்பத் திருப்தி.

ஏப்ரல் 11, வெள்ளி

இன்று ஆஸ்பத்திரி வராந்தாக் காட்சி. மகளை வெளியூர் வேலைக்கு அனுப்பிவிட்டுத் தான் மட்டும் நோயோடு தங்கிவிடுகிறாள் தாய். வசனம் ஒன்றும் பெரிதில்லை. "நீ கெளம்பு. நான் இங்கதான இருக்கேன், எங்க போகப் போறேன்." அவ்வளவுதான்.

சொல்லும்போது குரல் எனக்கே தெரியாத ஓர் இடத்திலிருந்து வந்தது. இளமையான குரல் இல்லை, தடித்த குரலும் இல்லை. இத்தனை வருடம் அவளுக்காக மெருகேற்றி மெருகேற்றிப் பேசியதில் எனக்கென்று ஒரு குரல் அடியில் கிடந்ததே தெரியவில்லை. கட் சொன்னார்கள். கேமராக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

படப்பிடிப்பில் பேசுவது படத்தில் வராது, பிறகு டப்பிங்கில் புதிதாகப் பேசவேண்டும். தெரியும். ஆனாலும் இதே குரலில் பேசிவிடுவேன். எங்கே இருக்கிறது என்று இப்போது தெரிந்துவிட்டதே.

ஏப்ரல் 26

என் பகுதி முடிந்தது. மாலை போட்டார்கள், பெயரைத் தப்பாகச் சொன்னார்கள்.

மே 6, செவ்வாய்

வெந்நீர் கூப்பிட்டாள். என்னோடு தொழிலுக்கு வந்தவள். பிளாஸ்கில் வெந்நீர் இல்லாமல் எங்கேயும் போகமாட்டாள் என்பதால் அந்தப் பெயர். மாமியார், போலீஸ்காரி, வில்லி என்று எல்லாருக்கும் பேசுவாள்.

"எங்கடி இருக்க? உக்காந்திருக்கியா?"

"உக்காந்துதான் இருக்கேன், சொல்லு."

"இன்னைக்கு ஒரு அம்மா வேஷத்துக்குப் பேசணும்னு கூப்பிட்டாங்க. போய் மைக் முன்னாடி நின்னேன். திரையப் போட்டான். பாத்தா உன் மூஞ்சி."

எனக்குப் புரியவே இல்லை. எதற்கு என் மூஞ்சி என்றேன்.

"உன் மூஞ்சிக்கு என்னையப் பேசச் சொல்றாங்கடி! எனக்குத் தொண்டை வலின்னு சொல்லிட்டு வந்துட்டேன். நீ ஒடனே போய்க் கேளு."

மே 7

கேட்டேன். இயக்குநருக்கு என்ன பொறுமை! சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல விளக்கினார்.

"மேடம், ஹீரோயின் வாய்ஸ் நீங்கதான். ஜனங்களுக்கு அது பழகிடுச்சு. அதே வாய்ஸ்ல அம்மாவும் பேசினா எப்படி? தியேட்டர்ல சிரிப்பாங்க. அதனால ஹீரோயினுக்கு எப்பவும்போல நீங்க பேசிடுங்க. அம்மாவுக்கு மட்டும் வேற வாய்ஸ் போட்டுக்கலாம்."

"அம்மா நான்தானே சார்."

"ஆமா மேடம்."

"அப்ப அவங்க என் குரல்ல பேசுவாங்க. நான் இன்னொருத்தர் குரல்ல பேசணும்."

"கரெக்ட்" என்றார். புரிந்துகொண்டேன் என்று அவருக்கு நிம்மதி.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். இதை யாரிடம் போய்ச் சொல்வது? என் வீட்டில் வேறு ஆளைக் குடிவைத்து, வாசலில் என் கையிலேயே சாவியை வாங்குவதுபோல இருக்கிறது. இதற்கு நியாயம் வேறு பேசுகிறார்கள். ஜனங்களுக்குப் பழகிவிட்டதாம். பழக்கியது யார்?

மே 8

இல்லை. விடமாட்டேன்.

மே 10, சனி

வேறு மாதிரிப் பேசிக் காட்டுகிறேன், ஒரு டெஸ்ட் எடுங்கள் என்று கெஞ்சினேன். ஆமாம், கெஞ்சித்தான் கேட்டேன். கொடுத்தார்கள். வராந்தாக் காட்சியையே போடச் சொன்னேன். அந்த ஏப்ரல் குரலைத் தேடி எடுத்துப் பேசினேன். வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர் கட்டைவிரலை உயர்த்தினார். அவர் லேசில் எதற்கும் தலையாட்டாத மனுஷன்.

இயக்குநர் கண்ணை மூடிக் கேட்டார். திறந்தார். "பிரமாதமா இருக்கு மேடம். ஆனா என்ன பண்ணாலும் அடியில அவங்க குரல் தெரியுது."

"அவங்க குரலா?"

"அதான்... அவங்க குரல்."

"சார், அது என் குரல்."

இன்சார்ஜ் என் தோளைத் தட்டி வெளியே கூட்டிவந்துவிட்டார். இல்லையென்றால் அந்த ஹெட்போனை எறிந்திருப்பேன்.

மே 12

இன்சார்ஜிடம் சொல்லிவிட்டேன்: "அண்ணே, எனக்கு நான்தான் பேசுவேன். இல்லேன்னா அவங்களுக்கும் பேச மாட்டேன். என் குரல் ஒண்ணுதான். எந்த மூஞ்சிக்குன்னு அவங்களே முடிவு பண்ணட்டும்."

"அம்மா, உங்க சோத்துல நீங்களே மண்ணள்ளிப் போட்டுக்காதீங்க. அவங்க எந்த மூஞ்சின்னு முடிவு பண்ணுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். அப்புறம் ஏன் சொன்னேன்? வாயில் வந்துவிட்டது. வாய்தான் என் தொழில், அதை அடக்கவும் எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "வேற வேலை வருமா?" என்று மட்டும் கேட்டார். வராமலா போகும் என்று எரிந்து விழுந்தேன். அவர் கேட்டதில் தப்பில்லை. அவள் படங்கள்தான் இந்த வீட்டில் அடுப்பு எரியக் காரணம். அதை நானே ஊதி அணைத்துவிட்டு வந்து நிற்கிறேன்.

மே 16

போன் வரவில்லை. சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே சார்ஜ் இறங்கியது.

மே 18

வெந்நீர் சொன்னாள், நாயகிக்கு வேறு பெண்களை வரிசையாக டெஸ்ட் எடுக்கிறார்களாம். ஒருத்திக்குக் குழந்தைக் குரல், ஒருத்திக்கு மூக்குக் குரல், யாரும் பொருந்தவில்லையாம். சந்தோஷப்படக் கூடாது. பட்டேன்.

மே 21, புதன்

நாயகியே வீட்டுக்கு வந்தாள்! கூட ஆள் இல்லாமல், தொப்பி போட்டுக்கொண்டு. மகள் கதவைத் திறந்து உள்ளே கூட்டிவந்தாள். வந்தவள் சோபாவில் துவைத்த துணிகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, என்னாச்சு? நீங்க எனக்குப் பேச மாட்டேன்னு சொல்லிட்டீங்களாமே. நான் ஏதாவது தப்பா நடந்துக்கிட்டேனா?"

எல்லாவற்றையும் கொட்டினேன். என் முகத்தில் இன்னொருத்தி பேசுவாளாம், அதை நான் உட்கார்ந்து பார்க்கவேண்டுமாம், எந்த ஊர் நியாயம் இது, உங்களுக்கு நடந்தால் தெரியும் என்று. சொன்னபிறகுதான் கடைசி வார்த்தை காதில் விழுந்தது.

அவள் கோபப்படவில்லை. அவளுடைய அந்தக் கரகரத்த குரலில், திரையில் யாருமே கேட்டிராத குரலில் சொன்னாள்: "எனக்கு ஒம்பது வருஷமா நடக்குதுக்கா. உங்களுக்கு ரெண்டு வாரம் தாங்கல."

டீ போடப் போனேன். சர்க்கரை டப்பாவைத் திறக்கும்போது அவளும் பின்னாலேயே வந்து சொன்னாள். முதல் படத்தில் அவளே பேசிக் காட்டினாளாம். தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி இருக்கிறது என்று எல்லார் முன்னாலும் சொன்னார்களாம். அதற்குப் பிறகு அவளாகக் கேட்டதே இல்லையாம்.

"தகரமா? யாரு சொன்னது? அறிவு இருக்கா அவங்களுக்கு?" என்று அதற்கும் நானே கத்தினேன். மகள் உள்ளே இருந்து, "அம்மா, மெதுவா" என்றாள்.

மே 22

என்னைக் கூப்பிட்டார்கள், பேசினேன். அவ்வளவுதானே? அவள் குரலைப் பிடுங்கியது நானா? ஹெட்போனில் முதலில் அவள் பேசியதைத்தான் போடுவார்கள், எங்கே மூச்சு விடுகிறாள் என்று பார்த்துக்கொள்ள. பிறகு அதை எடுத்துவிட்டு என்னுடையதைப் போடுவார்கள். ஒன்பது வருடம் அந்தக் குரலை மூச்சு மூச்சாகக் கேட்டவள் நான் ஒருத்திதான். ஒருநாளாவது நன்றாக இருக்கிறதே என்று சொன்னேனா? அது என் வேலை இல்லை. இல்லைதான். அப்புறம் எதற்கு இந்த எரிச்சல்?

மே 27, செவ்வாய்

நேற்று அவள் இயக்குநரிடம் சொல்லிவிட்டாளாம். "எனக்கு நானே பேசுறேன். அம்மாவுக்கு அக்கா பேசட்டும்." ஒரே வாக்கியம். அவர், "சூப்பர் ஐடியா மேடம், நானும் அதத்தான் யோசிச்சேன்" என்றாராம்.

அவரும் அதைத்தான் யோசித்தாராம்! நான் மூன்று நாள் கெஞ்சினேன், டெஸ்ட் கொடுத்தேன், படிக்கட்டில் உட்கார்ந்து கிடந்தேன். அவள் ஒருவரி சொன்னதும் அவருக்கு ஐடியா பிறந்துவிட்டது. எனக்கு வேண்டியது கிடைத்திருக்கிறது, வயிறு எரிகிறது. நியாயம் கேட்டுக் கிடைக்கவில்லை, தெரிந்தவர் சொல்லிக் கிடைத்தது.

ஜூன் 3

எனக்கு நானே பேசினேன். வராந்தாக் காட்சி முதல் டேக்கிலேயே. இன்ஜினியர், "இன்னொண்ணு சேஃப்டிக்கு எடுக்கலாமா?" என்று வழக்கமாகக் கேட்பவர், இன்று கேட்கவில்லை.

வெளியே இன்சார்ஜ். "சந்தோஷமாம்மா? அவங்க இனிமே எல்லாப் படத்துக்கும் சொந்தக் குரல்தானாம். இப்பத்தான் சொல்லிட்டுப் போறாங்க."

சந்தோஷம்தான் அண்ணே என்றேன். வாசல்வரை நடக்கும் வரைக்கும் தைரியமாகத்தான் இருந்தேன்.

ஜூலை 14

லிஃப்டுக்குப் பேசினேன். "கதவு மூடுகிறது." உணர்ச்சி வேண்டாம் என்றார் அந்தக் கம்பெனிக்காரர். எனக்கு இருந்த உணர்ச்சியில் கதவை அறைந்தே சாத்தியிருப்பேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

படம் வெளியானது. மூவரும் போனோம். அக்காவும் வந்தாள், செருப்பைக் கழற்றாமல் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

வந்தேன். முகம், கை, கால் எல்லாம். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வராந்தாக் காட்சி வந்தது. "நீ கெளம்பு. நான் இங்கதான இருக்கேன்." என் முகம், என் வாய், என் குரல். நாற்பத்தொரு வயதில் முதல்முறையாக என்னை ஒரே ஆளாகப் பார்த்தேன்.

பின்வரிசையில் ஒரு அம்மாள் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார், கிசுகிசுவென்று இல்லை, நன்றாகவே: "நல்லா நடிக்கிறாங்க இந்தப் பொம்பள. ஆனா இவங்களுக்குப் போய் எதுக்கு அந்த ஹீரோயின் குரல வெச்சாங்க? பொருந்தவே இல்ல."

எழுந்து திரும்பிவிட்டேன். "எதுங்க பொருந்தல? இது என் மூஞ்சி. இதுதான் என் குரல். எது பொருந்தல, சொல்லுங்க!"

அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். வீட்டுக்காரர் என் புடவையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். அவர் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்ததை இருட்டிலும் பார்த்தேன்.

இன்னொன்று. அவள் சொந்தக் குரலில் பேசினாள், அருமையாகப் பேசினாள். நான் வாயை அசைத்துக்கொண்டே இருந்தேனாம். மகள் வீட்டுக்கு வந்து சொன்னாள். இதற்கு விமோசனமே இல்லையா?

ஆகஸ்ட் 12

விமர்சனம்: தாய்க்கு நாயகியின் பழைய குரலைக் கொடுத்தது படத்தின் பெரிய குறை, நாயகிக்குக் கொடுத்த புதுக் குரல் பரவாயில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கல்லால் அடித்திருக்கிறான். அவளுக்கு அனுப்பினேன். சிரித்துச் சிரித்து ஒரு குரல்செய்தி அனுப்பினாள். அவள் சிரிப்பு இப்படித்தான் இருக்குமா? நான் ஒன்பது வருடம் வேறு மாதிரி அல்லவா சிரித்துவைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 20

வெந்நீருக்குச் சளி, அவளுக்குப் பதில் ஒரு மாமியாருக்குப் பேசினேன். குரல் தடித்திருக்கிறது, நல்லாத்தான் இருக்கு என்றாள். திட்டுகிறாளா, பாராட்டுகிறாளா?

அக்டோபர் 9, வியாழன்

ஒரு புது இயக்குநர், பெண், நேராக என்னையே அழைத்தாள். "அந்த வராந்தா சீன் பாத்தேன். நீங்க நடிக்கணும். எங்க படத்துல டப்பிங் கிடையாது, அங்கேயே பேசறதுதான் படத்துல வரும்." நீதிபதி வேஷம். படம் முழுக்க உட்கார்ந்தே இருக்கவேண்டும், கொஞ்ச நேரம்தான் பேச்சு, மிச்சமெல்லாம் கேட்பதுதான். இது ஒரு வேஷமா என்று வீட்டில் புலம்பினேன். ஒத்துக்கொண்டபிறகுதான் புலம்பினேன்.

நவம்பர் 5, புதன்

வக்கீல் வேஷத்துக்கு அவள்! செட்டுக்குப் போனபிறகுதான் தெரிந்தது. மறுபடியும் சிபாரிசா என்று முறைத்தேன். "சத்தியமா நான் எதுவும் சொல்லலக்கா. என்னைய முடிவு பண்றதுக்கு முன்னாடியே உங்கள முடிவு பண்ணிட்டாங்களாம்" என்றாள். டைரக்டரிடமே போய்க் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். கேட்காமல் விடுவேனா?

முதல் காட்சியே அவள் வாதம். நீளமான வசனம். கேமரா என் முகத்தில். வக்கீல் அவள் என்று தெரிந்ததுமே பயந்துவிட்டேன். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டவைத்துத் தயாராக உட்கார்ந்தேன். அவள் எழுந்தாள், பேசினாள். வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட ஒரு பெண்ணுக்காக அவள் வாதாடினாள். நடுவில் ஒரு இடத்தில் குரல் உடைந்தது. வசனத்தில் அப்படி இல்லை, தானாக உடைந்தது. அந்தப் பெண் அப்புறம் எங்கே போய்த் தூங்கினாள் என்று எனக்குக் கவலையாகிவிட்டது.

கட் சொன்னார்கள். ஓகே என்றார்கள். உதட்டைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. நாக்கும் எப்போதோ கீழே இறங்கியிருந்தது. நான் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.